பாராளுமன்றத்தில் இல்லாத பெண்கள் பிரதேச சபைக்கு எப்படி வந்தார்கள்?

இலங்கையின் கிழக்கில் உள்ள மட்டக்களப்பு மாவட்டம் பாராளுமன்றத்துக்கு ஐந்து பேரைத் தெரிவு செய்து அனுப்புகிறது. 2004ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ஐவரில் ஒருவர் தங்கேஸ்வரி கதிராமன். கிழக்கின் பழைய வரலாற்றை ஆராய்ந்து எழுதிவந்தவர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சார்பில் நின்று வென்றார். அதற்குப் பிறகு 2010, 2015, 2020, 2024 என்று நான்கு பொதுத் தேர்தல்கள் நடந்துவிட்டன. நான்கிலும் சேர்த்து இந்த மாவட்டம் தெரிவு செய்த இருபது பேரில் ஒரு பெண்கூட இல்லை.

இனி உள்ளூருக்கு வாருங்கள். மட்டக்களப்பு மாநகர சபை, காத்தான்குடி, ஏறாவூர் நகர சபைகள், வாகரை தொடங்கி வெல்லாவெளி வரைக்கும் ஒன்பது பிரதேச சபைகள் என்று மொத்தம் பன்னிரண்டு மன்றங்கள் இருக்கின்றன. 2018க்குப் பிறகு இவற்றில் பெண் உறுப்பினர் இருப்பது ஒரு புதினமான விஷயமில்லை. அதற்கு முன்னர் அப்படி ஒருவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வாக்களிக்கிற சனம் அதே சனம்தான். கட்சிகளும் அதே கட்சிகள்தான். "எங்கட ஆக்கள் பொம்பிளைக்கு வோட்டுப் போடமாட்டாங்க" என்று பலர் அடித்துச் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதுதான் காரணமென்றால் இரண்டு இடத்திலும் ஒரே நிலைமை அல்லவா இருக்க வேண்டும்? வேறுபடுவது தேர்தல் விதி. விதி எப்படி எழுதப்படுகிறது, அதை எழுதும் மேசையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் இந்த விஷயத்தில் பாதி விளங்கிவிடும். அதிலும் போர் முடிந்த நாடுகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

பிரதிநிதித்துவம் என்றால் என்ன

நம்முடைய கோயில்களையே எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பில் பிள்ளை தாயின் குடியை, அதாவது தாய்வழிக் குலத்தைச் சேரும். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். ஆனால் கோயில் நிர்வாகத்தில் அந்தக் குடியின் சார்பில் உட்காரும் வண்ணக்கர் ஓர் ஆண். குடி பெண் வழியாக வருகிறது, குடிக்காகப் பேசும் பொறுப்பு ஆணிடம் இருக்கிறது. ஒருவருக்காக இன்னொருவர் போய் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதைத்தான் பிரதிநிதித்துவம் என்கிறோம்.

இதில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. சபையைப் பார்த்தால் அது ஊரைப் போல இருக்கிறதா, ஊரில் பாதிப் பேர் பெண்கள் என்றால் சபையில் எத்தனை பேர் என்பது முதலாவது. அங்கே இருப்பவர்கள் யாருக்காகப் பேசுகிறார்கள், பெண்களுக்கு வேண்டியது அங்கே நடக்கிறதா என்பது இரண்டாவது. முதலாவதை எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடலாம். இரண்டாவதை அறிய, சபையின் தீர்மானங்களையும் வரவு செலவுத் திட்டத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள தொடர்பை எங்களுக்கு நன்றாகக் காட்டியது 2004 சுனாமிதான். கரையோரத்தில் புதிய வீடுகள் கட்டிக் கொடுத்தபோது பல இடங்களில் "குடும்பத் தலைவர்" என்ற பெட்டிக்குள் ஆணின் பெயரை எழுதி, வீட்டையும் காணியையும் அவர் பெயரிலேயே கொடுத்தார்கள். அலை கொண்டுபோன வீடு மனைவிக்குத் தாய் கொடுத்தது. திரும்பி வந்த வீடு கணவனுடையதாகிவிட்டது. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் கையில் இருந்த சொத்து, ஒரு படிவத்தின் ஒரு வரியால் கைமாறிப்போனது. கூட்டு உரித்து வேண்டுமென்று கிழக்கின் பெண்கள் அமைப்புகள் குரல் கொடுத்தன. அந்தப் படிவத்தைத் தயாரித்த அறையில் இந்த ஊர் வழக்கம் தெரிந்த, அதை உரத்துச் சொல்லும் அதிகாரமுள்ள பெண்கள் இருந்திருந்தால் அந்த வரி வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

போர் முடிந்த நாடுகளில் ஏன் இத்தனை பெண்கள்

உலகத்திலேயே பாராளுமன்றத்தில் பெண்கள் வீதம் மிகக் கூடிய நாடு எது என்று கேட்டால் பலர் சுவீடன், நோர்வே என்பார்கள். பதில் ருவாண்டா. 1994இல் சுமார் நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்ட நாடு அது. 2008இல் அந்த நாட்டுக் கீழ்ச்சபையின் 80 ஆசனங்களில் 45இல் பெண்கள் அமர்ந்தார்கள். பெண்கள் பெரும்பான்மையாக உள்ள முதல் தேசியப் பாராளுமன்றம் அதுதான். 2013இல் அந்த எண்ணிக்கை 51 ஆனது.

எப்படி நடந்தது? கொலைக்களத்துக்குப் பிறகு மிஞ்சியவர்களில் பெண்கள் மிக அதிகம். ஆண்களில் பலர் இறந்துபோனார்கள், பலர் சிறையில், பலர் நாட்டை விட்டு ஓடிவிட்டார்கள். வீட்டையும் வயலையும் சந்தையையும் ஊர்க் கூட்டங்களையும் பெண்களே தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. இது முதல் காரணம். எங்கள் ஊர்களைக் கண்டவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை.

அடுத்த காரணம்தான் முக்கியமானது. பழைய ஆட்சி இடிந்து விழுந்ததால் புதிய அரசியலமைப்பு எழுத வேண்டி வந்தது. சாதாரண காலத்தில் ஒரு கதிரையைப் பெண்ணுக்குக் கொடுப்பதென்றால் ஏற்கெனவே அதில் இருப்பவரை எழுப்ப வேண்டும்; அவர் லேசில் எழும்பமாட்டார். எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்போது கதிரைகள் காலியாக இருக்கும். 2003இல் எழுதிய ருவாண்டா அரசியலமைப்பு, முடிவெடுக்கும் எல்லா அமைப்புகளிலும் குறைந்தது 30 வீதம் பெண்கள் என்றது. கீழ்ச்சபையின் 80 ஆசனங்களில் 24 பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதற்கும் முன்னரே, 1999இல், மகள்மாருக்கும் மகன்மாருக்கும் சமமான வாரிசு உரிமை தரும் சட்டம் வந்துவிட்டது. 1996இல் கட்சி பேதமில்லாமல் ஒன்றுகூடிய பெண் உறுப்பினர்களின் மன்றம் அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டது. எண்ணிக்கை கூடுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ருவாண்டாவில் ஒரே கட்சியின் பிடி இறுக்கமானது, எதிர்க்கட்சிக்கு இடம் மிகக் குறைவு. பாராளுமன்றம் முழுக்கப் பெண்கள் இருந்தாலும் அரசாங்கத்தை எதிர்த்து எவ்வளவு பேசலாம் என்ற கேள்வி அங்கே அப்படியே நிற்கிறது. ஆகவே ருவாண்டாவை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாசல் எப்படித் திறந்தது என்பதை அங்கே படிக்கலாம்.

மூன்றாவது காரணம் வெளியிலிருந்து வரும் அழுத்தம். 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி ஐ.நா. பாதுகாப்புச் சபை 1325ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. போரைத் தடுப்பதிலும் சமாதானப் பேச்சிலும் மீள்கட்டுமானத்திலும் பெண்கள் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு சமாதான உடன்படிக்கைகளிலும் புதிய அரசியலமைப்புகளிலும் இந்தப் பேச்சு அடிக்கடி வரத் தொடங்கியது.

நேபாளத்தைப் பாருங்கள். 1996 முதல் 2006 வரை மாவோவாதிகளுக்கும் அரசுக்கும் போர். உடன்படிக்கை வந்தது, மன்னராட்சி போனது. 2008இல் அரசியலமைப்பு எழுதத் தெரிவான 601 பேர் சபையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். கிழக்குத் திமோரில் ஒரு நுட்பமான விதி வைத்தார்கள்: கட்சியின் வேட்பாளர் பட்டியலில் ஒவ்வொரு மூன்று பேருக்குள்ளும் ஒரு பெண் இருக்க வேண்டும். பெண்களை எல்லாம் பட்டியலின் அடியில் கொண்டுபோய் எழுதும் வேலை அங்கே நடக்காது. விதி எழுதியவர்களுக்குக் கட்சிக்காரரின் புத்தி நன்றாகத் தெரிந்திருக்கிறது!

இன்னொரு பக்கம் லைபீரியா. 2003இல் சமாதானப் பேச்சு இழுபட்டுக்கொண்டிருந்தபோது, லேமா போவி தலைமையில் பெண்கள் கானாவின் அக்ரா நகரில் பேச்சு நடந்த மண்டபத்தின் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். முடிவு எடுக்காமல் ஒருவரையும் வெளியே விடமாட்டோம் என்றார்கள். போர் முடிந்தது. 2005 தேர்தலில் எலன் ஜோன்சன் சர்லீஃப் வென்று ஆபிரிக்காவின் முதலாவது தெரிவு செய்யப்பட்ட பெண் ஜனாதிபதியானார். 2011இல் இருவருக்கும் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் கட்டாய ஒதுக்கீடு எதுவும் சட்டமாகவில்லை. அதனால் லைபீரியாவின் பாராளுமன்றத்தில் பெண்கள் பத்து வீதத்தைச் சுற்றியே நின்றுபோனார்கள்.

இது எங்களுக்கு மிகத் தெரிந்த கதை. 1960இல் உலகத்தின் முதலாவது பெண் பிரதமரைத் தந்தது இந்த நாடுதான். 1931 முதல் பெண்கள் வாக்களிக்கிறார்கள். 1994இல் ஒரு பெண் ஜனாதிபதி, 2024இல் மீண்டும் ஒரு பெண் பிரதமர். இருந்தும் 2020 பாராளுமன்றத்தில் 225 பேரில் 12 பெண்கள்தான். 2024இல் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் கூடியும் பத்து வீதத்தை எட்டவில்லை. உச்சியில் ஒரு பெண் இருப்பதும் சபை முழுக்கப் பெண்கள் இருப்பதும் வேறு வேறு விஷயங்கள்.

எங்களுக்கு ஏன் அந்த வாசல் திறக்கவில்லை

இங்கே பெண்கள் அரசியலில் இல்லாமல் இருக்கவில்லை. 1988 மார்ச் 19ஆம் திகதி மாமாங்கம் கோயிலடியில் உண்ணாவிரதம் இருக்கத் தொடங்கி, ஒரு மாதத்தில் உயிர் விட்ட அன்னை பூபதி மட்டக்களப்பு அன்னையர் முன்னணியைச் சேர்ந்தவர். காணாமல் போன பிள்ளையின் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு கச்சேரி (மாவட்டச் செயலக) வாசலிலும் காவல் நிலைய வாசலிலும் ஆணைக்குழுக்களின் முன்னாலும் நின்றவர்கள் அம்மாமார்தான். புலிகள் இயக்கத்தில் ஆயுதம் ஏந்தியவர்களிலும் பெண்கள் பலர். 2010இல் அரசாங்கம் சொன்ன கணக்குப்படி போரில் கணவனை இழந்த பெண்கள் வடக்கு கிழக்கில் சுமார் 89,000 பேர்; அதில் பாதிக்கு மேல் கிழக்கில். ருவாண்டாவில் இருந்த முதல் காரணம் இங்கேயும் முழுமையாக இருந்தது.

இல்லாமல் போனது இரண்டாவது காரணம். 2007இல் கிழக்கிலும் 2009இல் வடக்கிலும் போர் ஒரு தரப்பின் இராணுவ வெற்றியோடு முடிந்தது. உடன்படிக்கை இல்லை. புதிய அரசியலமைப்பும் வரவில்லை. பெண்கள் போய் உட்கார்ந்து "எங்களுக்கும் பங்கு வேண்டும்" என்று கேட்க ஒரு மேசை போடப்படவே இல்லை.

ஒருமுறை மட்டும் ஒரு சிறிய மேசை போடப்பட்டது. 2002 போர்நிறுத்தத்தைத் தொடர்ந்த பேச்சுக்களின் போது, பெண்கள் விவகாரங்களுக்கென்று ஓர் உபகுழு அமைத்தார்கள். அரச தரப்பில் ஐந்து பெண்கள், புலிகள் தரப்பில் ஐந்து பெண்கள். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். ஏப்ரலில் பேச்சுக்கள் நின்றன, அதோடு உபகுழுவும் போயிற்று. பிரதான மேசையில் இடம் இல்லாமல் பக்கத்து அறையில் குழு அமைத்தால், பிரதான மேசை கவிழும்போது அதுவும் சேர்ந்து கவிழும்.

சரி, 25 வீதம் எப்படி வேலை செய்கிறது

போர் முடிந்து ஏழு வருஷத்துக்குப் பிறகு, 2016இல், உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்தைத் திருத்திப் பெண்களுக்கு 25 வீதம் என்று எழுதினார்கள். பல வருஷமாகப் பெண்கள் அமைப்புகள் கேட்டுக்கேட்டுக் கிடைத்தது அது. வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த தேர்தல் முறை 2012இலேயே சட்டமாகியிருந்தது; 2017இல் அதைத் திருத்தி 60க்கு 40 என்று ஆக்கினார்கள். 2018 பெப்ரவரி 10ஆம் திகதி முதல் தேர்தல். அதற்கு முன் நாடு முழுக்க உள்ளூராட்சியில் பெண்கள் இரண்டு வீதம்கூட இல்லை. அந்த ஒரு தேர்தலோடு அது இருபது வீதத்தைத் தாண்டியது. சனத்தின் மனம் ஒரு இரவில் மாறிவிடவில்லை, விதி மாறியது.

பலர் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். ஆகவே ஓர் உதாரணத்தோடு கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் 20 உறுப்பினர் கொண்ட ஒரு பிரதேச சபையைக் கற்பனை செய்யுங்கள். 60 வீதம், அதாவது 12 பேர், வட்டாரங்களில் நேரடியாக வென்று வருவார்கள். மிச்சம் 8 பேரைக் கட்சிகள் தங்கள் மேலதிகப் பட்டியலில் இருந்து அனுப்பும். ஊரில் "போனஸ் ஆசனம்" என்று சொல்வது இதைத்தான். வட்டார வேட்பாளர்களில் குறைந்தது 10 வீதம் பெண்கள் இருக்க வேண்டும், மேலதிகப் பட்டியலில் பாதி பெண்களாக இருக்க வேண்டும். சபையில் மொத்தம் 25 வீதம் என்றால் ஐந்து பெண்கள். வட்டாரத்தில் ஒரு பெண் வென்றுவிட்டால் மிச்சம் நான்கு பேர் மேலதிகப் பட்டியலில் இருந்து வர வேண்டும்.

கட்சிகள் பெரும்பாலும் வட்டாரத்தில் 10 வீதம் என்ற குறைந்த அளவுக்கு மேல் அதிகம் போவதில்லை. வெல்லக்கூடிய வட்டாரம் ஆணுக்குத்தான் போகிறது. ஆகவே பெண்களில் மிகப் பெரும்பாலானோர் பட்டியல் வழியாகவே வருகிறார்கள். பட்டியலில் யாரை அனுப்புவது? வாக்காளர் தீர்மானிப்பதில்லை. தேர்தல் முடிந்த பிறகு கட்சி தீர்மானிக்கிறது.

இனி இந்த விதியில் உள்ள இடுக்கைப் பாருங்கள். ஒரு கட்சிக்கு வாக்கு வீதப்படி 8 ஆசனம் உரித்து என்று வைப்போம். அது வட்டாரங்களிலேயே 9 வென்றுவிட்டது, ஒன்பதும் ஆண்கள். அப்படியென்றால் அந்தக் கட்சிக்குப் பட்டியலில் இருந்து அனுப்ப ஆசனமே இல்லை. பெண்ணும் இல்லை. சபையிலேயே பெரிய கட்சி அது! மறுபக்கம், 20 வீதத்துக்குக் குறைவான வாக்குப் பெற்று மூன்றுக்கும் குறைவான ஆசனம் எடுத்த சிறிய கட்சிகளுக்குப் பெண்ணை அனுப்பும் கட்டாயம் கிடையாது. எங்கள் பக்கம் கட்சிகளுக்கும் சுயேச்சைக் குழுக்களுக்கும் குறைவில்லை. வாக்குகள் நன்றாகச் சிதறும். இப்படி மேலேயும் கீழேயும் கழித்துக்கொண்டு வந்தால் ஐந்து பேர் வரவேண்டிய இடத்தில் இரண்டு பேர் வந்து நிற்கக்கூடும். 2018இல் நாட்டின் பல சபைகள் 25 வீதத்தை எட்டாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

வேட்புமனுக் காலத்தில் நடப்பது இன்னும் கசப்பானது. பட்டியலை நிரப்பப் பெண்கள் தேவை, நாளும் இல்லை. கட்சிக்காரர் வீட்டு வாசலுக்கு வருவார். "அக்கா, ஒரு கையெழுத்து மட்டும் வையுங்க. பேர் போட்டாக் காணும், மிச்சத்தை நாங்க பாப்பம்." அக்கா மாதர் சங்கத்தில் பத்து வருஷம் கணக்குப் பார்த்தவராக இருப்பார். மரண உதவிச் சங்கத்துக்குக் காசு சேர்த்தவர், நுண்கடன் நிறுவனத்தின் ஆட்கள் இரவில் வந்து மிரட்டிய பெண்களுக்காக வாசலில் இறங்கிச் சண்டை போட்டவர். அந்த அனுபவம் ஒன்றும் அந்த வாசலில் கேட்கப்படவில்லை. கேட்டது அடையாள அட்டை இலக்கம் மட்டும்.

தெரிவான பிறகும் பாடு முடிவதில்லை. பட்டியலில் வந்தவருக்கு வட்டாரம் கிடையாது. வீதி விளக்கு, கொங்கிரீட் வீதி, வடிகான் என்று வேலை பிரிக்கும்போது "உங்களுக்கு வட்டாரம் இல்லைதானே" என்று ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. சில இடங்களில் பாதிக் காலத்தோடு இராஜினாமா செய்து இன்னொருவருக்கு வழிவிடும்படி கட்சி முன்கூட்டியே எழுதி வாங்குகிறது. முகநூலில் வருகிற அவதூறு தனி. ஓர் ஆண் உறுப்பினரைத் திட்டுவதென்றால் ஒப்பந்தத்தில் அடித்தார் என்பார்கள். பெண்ணைத் திட்டுவதென்றால் நடத்தையைத் தொட்டுத்தான் தொடங்குவார்கள். கணவனை இழந்த, தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிற ஒரு பெண் ஏன் பின்வாங்குகிறார் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேடத் தேவையில்லை. இதை அரசியலில் சகஜம் என்று சொல்லிக் கடந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இடுக்கு எங்கள் சட்டத்தில் மட்டும் இல்லை. நேபாளத்தில் தவிசாளர், உப தவிசாளர் இரண்டு பதவிக்கும் ஒரு கட்சி ஆள் நிறுத்தினால் அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். 2017இல் கட்சிகள் தலைமையை ஆணுக்கும் உப பதவியைப் பெண்ணுக்கும் கொடுத்தன. 753 மன்றங்களில் பெண் தலைவர்கள் 18 பேர்தான், உப தலைவர்களிலோ பத்தில் ஒன்பது பேர் பெண்கள். 2022இல் கட்சிகள் கூட்டணி சேர்ந்து, ஒரு பதவிக்கு நீ, மற்றதுக்கு நான் என்று பிரித்துக்கொண்டன. ஒவ்வொரு கட்சியும் ஓர் ஆளைத்தான் நிறுத்துகிறது, ஆகவே கட்டாயம் இல்லை. உப பதவியில் இருந்த பெண்களும் குறைந்துபோனார்கள். ஆனாலும் நேபாளத்தின் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது: ஒவ்வொரு வட்டாரக் குழுவிலும் இரண்டு பெண்கள், அவர்களில் ஒருவர் தலித் பெண். பெண்களுக்குள்ளேயும் யார் பின்னால் தள்ளப்படுகிறார்கள் என்று யோசித்து எழுதிய விதி அது.

பாராளுமன்றத்தில் ஏன் முடியவில்லை

பாராளுமன்றத் தேர்தலுக்கு ஒதுக்கீடு எதுவும் இல்லை. அதற்கு மேல் விருப்பு வாக்கு. மட்டக்களப்பில் ஒரு கட்சி எட்டுப் பேரை நிறுத்தும், வாக்காளர் அவர்களில் மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்குப் போடலாம். ஆகவே வேட்பாளர் எதிர்க்கட்சியோடு மட்டும் போட்டி போடுவதில்லை, சொந்தக் கட்சியின் மற்ற ஏழு பேரோடும் போட்டி. வாகரையில் இருந்து பெரியகல்லாறு வரைக்கும், வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையும் படுவான்கரையும் என்று மாவட்டம் முழுக்கச் சுவரொட்டி, வாகனம், ஆட்கள் வேண்டும். இரவிரவாகக் கூட்டம். காசும் வாகனமும் இரவில் அலையும் சுதந்திரமும் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கு வசதியான முறை இது.

மாகாண சபையின் கதை இன்னும் வேதனையானது. 2017இல் மாகாண சபைத் தேர்தலில் 30 வீதம் பெண் வேட்பாளர்கள் என்று ஒரு திருத்தச் சட்டமூலம் வந்தது. அதன் கடைசிக் கட்டத்தில் தேர்தல் முறையையே மாற்றும் பிரிவுகளை உள்ளே நுழைத்து நிறைவேற்றினார்கள். புதிய முறைக்குத் தொகுதி எல்லை வகுக்க வேண்டும், அது முடியவில்லை, தேர்தல் நின்றது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு மாகாணம் ஆளுநரின் கையில். பெண்களுக்கு இடம் தரப் பிறந்த சட்டத்தைக் கொண்டே ஒருவருக்கும் இடமில்லாமல் செய்துவிட்டார்கள்.

எப்போதும் கேட்கப்படும் இரண்டு கேள்விகள்

"தகுதியானவர்கள் வரட்டும், ஆண் பெண் என்று ஏன் பார்க்க வேண்டும்?" இதைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, இப்போது இருக்கிற ஆண்களை எந்தத் தகுதி பார்த்து எடுத்தீர்கள் என்பதுதான். ஒரு பிரதேச சபையின் வேலை வீதி, விளக்கு, குப்பை, சந்தை, நூலகம், முன்பள்ளி, மயானம். இந்தப் பட்டியலில் பெண்ணுக்குத் தெரியாதது எது?

"கணவன்தான் பின்னால் இருந்து ஆட்டுவிக்கிறார்" என்பது அடுத்தது. சில இடங்களில் உண்மைதான். இந்தியாவில் 1993 முதல் பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கினார்கள். தலைவர் பதவிக்கும் அந்த ஒதுக்கீடு உண்டு. அங்கேயும் தொடக்கத்தில் இதே பேச்சுத்தான். பிறகு மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் பொருளியலாளர்கள் போய் ஆராய்ந்தபோது, பெண் தலைவர் உள்ள ஊர்களில் குடிதண்ணீருக்குக் கூடுதலாகச் செலவழித்திருந்தார்கள். தண்ணீருக்கு நடந்தவர்களுக்குத்தான் அந்தச் செலவின் அருமை தெரியும். அது நடக்க ஒரு தேர்தல் காணாது. ஒரே பெண் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வந்தால்தான் சபைச் சட்டமும் நிதிக்குழுவும் கைக்குள் வரும். பாதிக் காலத்தில் இராஜினாமா வாங்குவது அந்தப் பழக்கத்தைத்தான் முளையிலேயே கிள்ளுகிறது.

கொடுத்ததைப் பறிக்கவும் முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆப்கானிஸ்தானின் 2004 அரசியலமைப்பு 249 ஆசனங்களில் 68ஐப் பெண்களுக்கு ஒதுக்கியது. 2021இல் தலிபான்கள் திரும்பி வந்ததும் பாராளுமன்றமே இல்லாமல் போனது.

எங்கள் சட்டம் இன்னும் இருக்கிறது. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் காசில்லை என்று தள்ளிப்போய், 2025 மே 6ஆம் திகதி நடந்தது. அதே 25 வீதத்தோடுதான் நடந்தது. உங்கள் சபையில் எத்தனை பெண்கள் என்று எண்ணிவிட்டு அதோடு விட்டுவிடாதீர்கள். அவர்களில் வட்டாரத்தில் வென்றவர் எத்தனை பேர், நிதிக்குழுவில் யாராவது இருக்கிறார்களா, வருகிற வரவு செலவுத் திட்டத்தில் அவர்கள் கேட்ட வேலைக்குக் காசு ஒதுக்கினார்களா என்று பாருங்கள். அடுத்த வேட்புமனுக் காலத்தில் கட்சிக்காரர் ஊருக்கு வந்தால், எந்த வட்டாரத்தைப் பெண்ணுக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். பட்டியலில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அவர்களிடம் எப்போதும் பதில் இருக்கும். வெல்லக்கூடிய வட்டாரம் எது, அதில் யார் என்ற கேள்விக்கு வேட்புமனுக் கொடுக்கும் நாளுக்கு முன்பே பதில் வாங்க வேண்டும். பிறகு கேட்டால் பட்டியல் மூடியிருக்கும்.